துறைமுக நகரில் இரண்டு நாள்: ஓத அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

வாசகி ஒருவரின் கடிதம்:

"நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். 9 வயது மகளும், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும்படி ஒரு துறைமுக நகருக்குச் சென்றுவர விரும்புகிறோம். மூன்று நகரங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சென்ற ஆண்டு இப்படி ஒரு நகருக்குச் சென்றபோது 17 இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு அலைந்தோம். துறைமுக வாயிலில் காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பலை அருகில் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்த மகள் அழுதுவிட்டாள். பிற்பகல் படகுச் சவாரியில் மாமியாருக்கு வாந்தி வந்துவிட்டது. படகிலிருந்து கரையேறவும் மிகவும் சிரமப்பட்டார். இந்த முறை எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது, படகில் ஏறலாமா, கூடாதா என்று சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்த மூன்று சங்கடங்களும், அதாவது வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டது, படகில் வாந்தி வந்தது, கரையேற முடியாமல் தவித்தது ஆகிய மூன்றும், தனித்தனியான துரதிர்ஷ்டங்கள் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. பயணத் திட்டங்கள் வகுத்துத் தரும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் நான் இதே மூன்றையும் வெவ்வேறு குடும்பங்களின் வாயிலாகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மற்ற ஊர்களுக்குத் திட்டமிடுவதைப் போலவே துறைமுக நகருக்கும் திட்டமிடுவதுதான் இவற்றுக்குக் காரணம். மற்ற ஊர்களில் கோட்டையும் அருங்காட்சியகமும் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று தெரிந்தால் போதும். துறைமுக நகரில் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நீரின் நேரக்கணக்கு: கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வடிகிறது (இதைச் சொல்வதுதான் ஓத அட்டவணை), காற்று எந்த வேளையில் எழுகிறது, கப்பல்கள் எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்பது. இவற்றை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, பார்க்க வேண்டிய இடங்களை அவற்றுக்கு இடையில் பொருத்தினால், அதே நகரம் உங்களிடம் வேறு விதமாக நடந்துகொள்ளும். 17 இடங்கள் தேவையில்லை; இரண்டு நாளுக்கு ஐந்தாறு போதும்.

முதலில் உங்கள் மகளின் வருத்தத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைய துறைமுக நகரங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன: ஊருக்குள் இருக்கும் பழையது, ஊருக்கு வெளியே இருக்கும் புதியது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளியின் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதற்கு முன்பு மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்க ஒரு கப்பல் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஊரின் நடுவிலேயே கட்டப்பட்டு நின்றது; மாலுமிகள் ஊருக்குள் உலவினார்கள்; கடைத்தெருவின் முனையிலிருந்தே கப்பலின் முகப்பைத் தொட்டுவிடலாம் போல இருக்கும். கன்டெய்னர் வந்தபின், பெட்டிகளை அடுக்க மிகப் பெரிய திடலும் ஆழமான நீரும் தேவைப்பட்டன. பழைய துறைகளில் இரண்டும் இல்லை. ஆகவே லண்டனின் கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வணிகம் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தது. ராட்டர்டாமின் துறைமுகம் நகரிலிருந்து கடல்வரை சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. ஜெனோவாவின் பழைய துறையைக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ 1992இல் மக்கள் உலாவும் இடமாக மாற்றியமைத்தார். இன்று 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று 20,000க்கும் மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளுக்குச் சமமான சரக்கைச் சுமந்து வந்து, ஒரு நாள் இரண்டு நாளில் வேலையை முடித்துக்கொண்டு, ஊரைப் பார்க்காமலே போய்விடுகிறது.

அதன்மேல் பாதுகாப்பு விதிகள் வந்து சேர்ந்தன. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பன்னாட்டுப் பாதுகாப்பு நெறிமுறை 2004ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பன்னாட்டுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளுக்கு வேலியும், வாயிலில் சோதனையும், நுழைவு அனுமதியும் கட்டாயமாயின. உங்களைத் திருப்பி அனுப்பிய காவலர் தம் கடமையைத்தான் செய்தார். இதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் காரணம் தெரிந்தால் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வார்கள். சில துறைமுக நிர்வாகங்கள் பதிவு செய்துகொண்டவர்களைப் பேருந்தில் உள்ளே அழைத்துச் சென்று காட்டுகின்றன. நீங்கள் எண்ணும் மூன்று நகரங்களில் அந்த வசதி எங்கே இருக்கிறது என்று துறைமுகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பெரும்பாலும் முன்பதிவும் அசல் அடையாள அட்டையும் கேட்பார்கள். குழந்தைகளுக்கு வயது வரம்பும் இருக்கலாம். இது வார நாட்களில் மட்டும் நடப்பதும் உண்டு என்பதால், சனிக்கிழமை உண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வாயிலுக்குள் போய்த்தான் கப்பலைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. துறைமுகத்தின் நுழைவாய் எங்கே மிகக் குறுகலாக இருக்கிறதோ, அங்கேதான் கப்பல் கரைக்கு மிக அருகில் வருகிறது. வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன் எதிரே பொதுமக்கள் உட்காரக்கூடிய மேடோ பூங்காவோ கரைச்சாலையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றுத் துறைமுகங்கள் இந்த வகையில் மிகவும் தாராளமானவை. ஹாம்பர்க் நகரம் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அத்தனை பெரிய கப்பல்களும் எல்பே ஆற்றின் வழியாக மக்கள் நடைபழகும் கரையை ஒட்டியே செல்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே வேடல் என்ற சிற்றூரில், கடந்து செல்லும் கப்பல்களை அவை எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகின்றனவோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலித்து வரவேற்கும் வழக்கம் 1952 முதல் நடந்துவருகிறது. இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும்: துறைமுக நகரம் என்றாலே கடற்கரை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஹாம்பர்க்கும் கொல்கத்தாவும் ஆற்றுத் துறைமுகங்கள். மகள் மணலில் விளையாட ஆசைப்படுகிறாள் என்றால் அதையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் எப்போது வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்தும் தம் பெயரையும் இருப்பிடத்தையும் வேகத்தையும் தானாக அறிவிக்கும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகவலைக் கைப்பேசியில் வரைபடமாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. எந்தக் கப்பல் எந்தத் துறைக்கு எப்போது வருகிறது என்ற அன்றாடப் பட்டியலைப் பல துறைமுகங்கள் தாமே வெளியிடுகின்றன. அதில் குறித்திருக்கும் நேரம் பல சமயம் வழிகாட்டி மாலுமி, அதாவது பைலட், கப்பலில் ஏறும் நேரமாக இருக்கும். அவர் ஏறியபின் கப்பல் துறையை வந்தடைய மேலும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். இதை அறியாமல் பட்டியல் தவறு என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

இனிப் படகு. உங்கள் கேள்விகளில் நான் மிகவும் அக்கறையோடு பதில் சொல்ல விரும்புவது இதற்குத்தான். மாமியார் படகில் ஏறலாம். ஆனால் எந்தப் படகு, எந்த வேளை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். படகுக்காரரின் வசதிக்கு விட்டுவிடக் கூடாது.

உலகின் பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வடிகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், சனிக்கிழமை காலை 9 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் ஞாயிறு அது 9.50 அளவில் நிறையும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகுதி. எட்டாம் பிறையை ஒட்டிக் குறைவு. அந்த வேறுபாடு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மிகவும் மாறும். ஜெனோவா, மார்செய் போன்ற மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் அது அரை மீட்டரைக்கூட எட்டுவதில்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் கடற்கால்வாயில் 14 மீட்டர் வரை போகிறது. பிரிஸ்டல் நகரத்தார் கப்பல்கள் சேற்றில் தரைதட்டி நிற்பதைப் பொறுக்க முடியாமல், 1809இல் மதகுக் கதவுகள் போட்டு நீரைத் துறைக்குள்ளேயே தேக்கிக்கொண்டார்கள்.

உங்கள் மாமியாரின் முழங்காலுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மிதக்கும் படகுத்துறைக்குக் கரையிலிருந்து ஒரு சாய்வுப் பாலம் இருக்கும். நீர் நிறைந்திருக்கும்போது அது ஏறத்தாழச் சமதளமாக இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யாரும் நடந்துவிடலாம். நீர் வற்றியதும் மிதவை இறங்க, அதே பாலம் செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. அதன்மேல் குறுக்கே அடித்திருக்கும் சட்டங்களில் கால் வைத்துத்தான் ஏறியிறங்க வேண்டும். மிதவை இல்லாமல் கற்படிகள் மட்டும் இருக்கும் துறைகளில் நிலைமை இன்னும் மோசம். வற்றத்தின்போது வெளியே தெரியும் கீழ்ப்படிகள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரில் ஊறியவை. பச்சைப் பாசி படர்ந்து, செருப்பின் அடிக்குப் பிடிகொடுக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் வகுத்த ஒரு பயணத்தில் இதைக் கவனிக்கத் தவறினேன். திரும்பி வரும் நேரம் வற்றத்தில் அமைந்துவிட, பெரியவர் ஒருவரை இருவர் கைத்தாங்கலாகத் தூக்கி, ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டியிருந்தது. கரைக்கு வந்தபின்னும் அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து படகுப் பயணத்துக்கு நேரம் குறிக்குமுன் ஓத அட்டவணையைப் பார்க்காமல் இருந்ததே இல்லை. உங்கள் மாமியார் கரையேறச் சிரமப்பட்டதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும்.

எனவே, நீர் நிறையும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு தொடங்கி ஒரு மணி பின்பு வரையுள்ள நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும்படி ஒரு மணி நேரப் படகுப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலுமிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நீர் இறங்கும் ஆறு மணி நேரத்தில், மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று என்று இறங்கும். ஆகவே நிறைநீரை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் பாலம் அதிகம் சரியாது. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் பாதி இறக்கமும் நடந்துவிடுகிறது. அட்டவணையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்க்காமல் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மணி நேரம் தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது காற்று. வெயில் ஏற ஏறக் கடலைவிட நிலம் விரைவாகச் சூடாவதால், முற்பகலின் இறுதியில் கடற்காற்று எழுந்து பிற்பகலில் உச்சத்தை அடைகிறது. மாமியாருக்கு வாந்தி வந்தது பிற்பகல் சவாரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே படகு, அதே கடல், காலை 8 மணிக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். வானிலை அறிவிப்பில் காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும் என்றிருந்தால், அலைகளின் தலையில் ஆங்காங்கே வெள்ளை நுரை உடையத் தொடங்கும்; அப்படிப்பட்ட நேரத்தில் சிறிய படகில் துறைமுக வாயைக் கடந்து வெளிக்கடலுக்குப் போக வேண்டாம். அலைத்தடுப்புச் சுவருக்கு உட்புறம் மட்டும் சுற்றிவரும் படகாக இருந்தால் ஏறலாம். எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். படகின் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில், முன்னோக்கி, திறந்த காற்றுப் படும்படி உட்கார வையுங்கள். தொடுவானத்தை அல்லது கரையிலுள்ள அசையாத கட்டடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கண் அசைவில்லை என்று சொல்ல, உட்செவி அசைவு உண்டு என்று சொல்லும் முரண்பாடுதான் குமட்டலை உண்டாக்குகிறது. படகில் கைப்பேசியைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு முதலில் வாந்தி வருவது இதனால்தான். மாத்திரை போட்டுக்கொள்வதாக இருந்தால், படகு புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் பயன் உண்டு. அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை. கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்குச் சில ஆகா. அவருடைய மற்ற மருந்துகளைச் சொல்லி மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சுற்றுலாப் படகை விட்டுவிட்டு, ஊர்மக்கள் வேலைக்குப் போய்வரும் பயணிகள் படகில் ஏறுங்கள். ஹாங்காங்கின் ஸ்டார் ஃபெர்ரி, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைப் பார்த்தபடி 25 நிமிடத்தில் கடக்கும் ஸ்டேட்டன் தீவுப் படகு, இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் படகுகள், ஹாம்பர்க்கின் 62ஆம் எண் படகு, 2023இல் தொடங்கிய கொச்சியின் வாட்டர் மெட்ரோ ஆகியவை எல்லாம் இந்த வகை. சவாரிப் படகைவிடப் பெரியவை என்பதால் ஆட்டம் குறைவு. முதியவர்களும் சைக்கிள்காரர்களும் தினமும் ஏறியிறங்குவதால் துறைகளும் ஓரளவு வசதியாக இருக்கும். குறுகிய நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடும். மாமியாருக்கு ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே இறங்கி இளைப்பாறிவிட்டு, சாலை வழி இருந்தால் காரில் திரும்பலாம். இரண்டு மணி நேரச் சவாரியின் நடுவில் அப்படி இறங்க முடியாது. வேலைநாளின் காலை, மாலை நெரிசல் சனி ஞாயிறுகளில் இருக்காது; ஆனால் அந்த நாட்களில் படகுகளின் எண்ணிக்கையும் குறைவு என்பதால் விடுமுறை நாள் கால அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொகுசுக் கப்பல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற ஒரு கப்பலில் 7,600 பயணிகள் வரை இருக்கலாம். அப்படி ஒன்றோ இரண்டோ வந்து நிற்கும் நாளில் பழைய நகரின் தெருக்கள் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நெருக்கியடிக்கும். 5 மணிக்கு ஊர் மீண்டும் அமைதியாகிவிடும், ஏனென்றால் பயணிகள் கப்பல் புறப்படுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். எந்த நாளில் எத்தனை சொகுசுக் கப்பல்கள் வருகின்றன என்ற அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடுகிறது. சனிக்கிழமை இரண்டு கப்பல், ஞாயிறு ஒன்றுமில்லை என்றிருந்தால், பழைய நகரை ஞாயிறுக்கு வைத்துக்கொண்டு சனிக்கிழமை அக்கரைக்குப் போய்விடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே பலர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, பயணிகள் படகுத்துறையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், நீரை ஒட்டிய முதல் வரிசையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளித் தங்குங்கள். முதல் வரிசையில் காட்சி உண்டு. இரவெல்லாம் காற்றும் இரைச்சலும் உண்டு. சரக்குத் துறைமுகத்தின் வாயிலுக்குச் செல்லும் சாலை எது என்று பார்த்து அதைத் தவிர்த்துவிடுங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு இரவு பகல் இல்லை.

அதைவிட முக்கியமானது மேடு. ஆழமான இயற்கைத் துறைமுகங்கள் பல, மலை நேராகக் கடலில் இறங்கும் இடங்களில் அமைந்தவை. ஹாங்காங், நாகசாகி, ஜெனோவா, சிலி நாட்டின் வால்பரைசோ எல்லாம் அப்படிப்பட்டவை. வரைபடத்தில் "நீர்முனைக்கு 400 மீட்டர்" என்று காட்டும் விடுதி, உண்மையில் 200 படிகளுக்கு மேலே இருக்கலாம். வால்பரைசோவில் 1883 முதலே மலைச்சரிவுகளில் மக்களை ஏற்றியிறக்கும் இழுவைப் பெட்டிகள் ஓடுகின்றன; லிஸ்பனிலும் ஜெனோவாவிலும் தெருவுக்குத் தெரு ஏறுவதற்குப் பொது மின்தூக்கிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தும்போது பலர் ஏறுவதற்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கும்போது நடந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. மாமியாருக்கு இரண்டு வழிக்கும் வாங்குங்கள்.

இப்போது மகளிடம் வருகிறேன். குறுகலான வாயின் எதிரே அவளை உட்கார வைத்து, ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் ஏழு மடங்கு பெரிதாக்கும் 7×50 வகை போதும். அதிகம் பெரிதாக்குபவை சிறு கைகளில் ஆடும், ஒன்றும் தெரியாது. கப்பல் கடக்கும்போது முதலில் பின்புறத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே கப்பலின் பெயரும் அதற்குக் கீழே அது பதிவான துறைமுகமும் எழுதியிருக்கும்: பனாமா, மன்ரோவியா, மஜூரோ, வல்லெட்டா. ஓட்டுபவர்களும் உடைமையாளர்களும் வேறெங்கோ இருக்க, உலகின் கப்பல்களில் மிகப் பெரும் பகுதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றில் பதிவாகியிருக்கிறது. மாலையில் விடுதிக்கு வந்து இந்த ஊர்களை உலகப் படத்தில் தேடிப் பார்க்க அவளுக்கு மிகவும் பிடிக்கும். கப்பலின் பக்கவாட்டில், நடுவே, ஒரு வட்டமும் அதை வெட்டும் கிடைக்கோடும் இருக்கும். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைக் காவுகொடுக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் விளைவாக 1876இல் அங்கே சட்டமான குறி அது. பக்கத்திலுள்ள சிறு கோடுகள் வெப்பக் கடல், குளிர்காலக் கடல், நன்னீர் ஆகியவற்றுக்கான எல்லைகள். உப்புநீரைவிட நன்னீரில் கப்பல் சற்று அதிகம் அமிழும் என்பதை ஒரு டம்ளர் தண்ணீரும் உப்பும் முட்டையும் வைத்து வீட்டிலேயே காட்டிவிடலாம். பாதி வெள்ளை, பாதி சிவப்பாகச் செங்குத்தாகப் பிரிந்த கொடி பறந்தால் வழிகாட்டி மாலுமி கப்பலில் இருக்கிறார் என்று பொருள். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் என்றால் கப்பல் புறப்படப் போகிறது.

முடிந்தால் ஒரு கப்பல் புறப்படுவதைத் தொடக்கம் முதல் பாருங்கள். இழுவைப் படகுகள் அருகில் வந்து நிற்கும். கரையிலிருப்பவர்கள் கை பருமனுள்ள கயிறுகளைக் கட்டுத்தறியிலிருந்து கழற்றி நீரில் விடுவார்கள். கப்பல் அவற்றைச் சொட்டச் சொட்ட உள்ளே இழுத்துக்கொள்ளும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே முதலில் ஒரு சாண் அளவுக்குத்தான் நீர் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு தெருவின் அகலமாகிவிடும். சங்கொலி ஒருமுறை குறுகிய நேரம் ஒலித்தால் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது, இருமுறை என்றால் இடப்பக்கம், மும்முறை என்றால் இயந்திரம் பின்னோக்கி இயங்குகிறது. ஐந்து முறை விரைவாக ஒலித்தால் எதிரிலிருப்பவரின் நோக்கம் புரியவில்லை என்ற எச்சரிக்கை. இவை உலகக் கடல்கள் அனைத்துக்கும் பொதுவான விதிகள். இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒலி கேட்டதும் கப்பல் என்ன செய்யப் போகிறது என்று உங்களுக்கு அவள் சொல்வாள்.

பாதுகாப்பில் சிலவற்றை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறுகக் கட்டியிருக்கும் கப்பல் கயிற்றின் அருகே நிற்க வேண்டாம். அது அறுந்தால் சாட்டைபோலத் திரும்பும் வேகத்தில் ஆளையே கொன்றுவிடும். அலைத்தடுப்பில் அடுக்கியிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளின்மேல் மகளை ஏறவிடாதீர்கள். இடுக்கில் விழுந்தவரை மேலே எடுப்பது மிகவும் கடினம், அலையும் உள்ளே வந்து மோதும். துறைமுக நீரில் இறங்கிக் குளிக்கக் கூடாது. கடற்படைக் கப்பல்களும் துறைமுகப் பகுதிகளும் படமெடுக்கத் தடைசெய்யப்பட்டிருக்கும் நாடுகள் உண்டு. பலகையைப் படித்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் உங்கள் இரண்டு நாள் ஏறத்தாழ இப்படி அமையும். வெள்ளி இரவு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். படகுத்துறை வரை நடந்துபோய், சாய்வுப் பாலத்தையும் படிகளையும் மாமியாரின் கண்ணால் பார்த்துவிட்டு வந்து தூங்குங்கள். சனிக்கிழமை நிறைநீர் முற்பகலில் வந்தால் பயணிகள் படகு அப்போது; நண்பகல் வெயிலில் கடல்சார் அருங்காட்சியகம்; மாலை முழுவதும் கப்பல் பார்க்க. ஞாயிறு காலை பழைய நகரம். வங்கிகளும் கப்பல் நிறுவனங்களும் நிறைந்த பழைய வணிகத் தெருக்கள் ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும். கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக நடக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மீன் ஏலம் பார்க்க நினைத்தால் விடியலுக்கு முன்பே போக வேண்டும். பல ஊர்களில் ஞாயிறு ஏலம் கிடையாது என்பதால், சனிக்கிழமை உங்களில் ஒருவர் மட்டும் மகளை அழைத்துக்கொண்டு போய்வரலாம். மாமியாரை அந்த நேரத்தில் எழுப்ப வேண்டாம்.

மூன்று நகரங்களில் எது என்ற கேள்விக்கு, பெயர் தெரியாமலே என்னால் ஓர் அளவுகோல் தர முடியும். நீங்கள் போகும் சனி, ஞாயிறு தேதிகளுக்கு மூன்றின் ஓத அட்டவணையையும் சொகுசுக் கப்பல் பட்டியலையும் விடுமுறை நாள் படகு நேரத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பகல் 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையே எந்த ஊரில் நீர் நிறைகிறதோ, அல்லது எந்த ஊரில் ஏற்றவற்றமே பொருட்படுத்தத் தக்கதாக இல்லையோ, அந்த ஊர் மாமியாருக்கு ஏற்றது. அதில் இரண்டு சமமாக வந்தால், கப்பல் போகும் வழியைப் பூங்கா இருக்கையிலிருந்தே பார்க்கக்கூடிய ஊரை மகளுக்காகத் தேர்ந்தெடுங்கள்.

அட்டவணையைப் படிப்பதில் ஐயம் இருந்தால், ஊரின் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் படகில் ஏறலாம், எதில் திரும்பலாம் என்று நேரம் குறித்துத் தருகிறேன். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பயண ஆலோசகர்